ஆழ உழுவதா, அகல உழுவதா: இளநிலைப் பட்டத்துக்கு ஐந்து வழிகள்

பள்ளிப் படிப்பை முடித்த ஒரு மாணவி அப்பாவோடு என் அறைக்கு வந்திருந்தாள். "உயிரியலும் பிடிக்கும், கம்ப்யூட்டரும் பிடிக்கும். ஒன்றை எடுத்தால் இன்னொன்று கைவிட்டுப் போய்விடுமா சார்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார்: "எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தால் கடைசியில் ஒன்றிலும் பிடிப்பு இருக்காது." கிணற்றுத் தவளை ஆகிவிடுவோமோ என்று மகளுக்குப் பயம். பிள்ளை நுனிப்புல் மேய்ந்துவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். இரண்டுமே நியாயமான பயங்கள்.

இருபது வருடங்களுக்கு மேலாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இயற்பியல், உளவியல், பொருளாதாரம், சமூகவியல் என்று எல்லாத் துறைப் பிள்ளைகளும் என் வகுப்புக்கு வந்து போகிறார்கள். அதனால் இந்தக் கேள்வி வருடா வருடம் என் வாசலுக்கு வரும். எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்குவதற்குள் ஒவ்வொரு மாணவரும் ஒரு தடவையாவது தன் துறையின் வேலியைத் தாண்டி யோசித்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன். அதற்காக நிறையப் பாடங்களை எடுத்துக் குவிக்க வேண்டும் என்று நான் நம்பவில்லை.

## பல பாடம் படிப்பது வேறு, துறை கடந்து யோசிப்பது வேறு

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புள்ளியியல் மாணவன் ஒருவனும் சமூகவியல் மாணவி ஒருத்தியும் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சேகரித்த படிவங்கள் அவர்கள் கையில் இருந்தன. முதல் கேள்வியே "வீட்டில் எத்தனை பேர்?" என்பதுதான். பையன் சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் கணக்கிட்டு அழகாக வரைபடம் போட்டு வந்தான். அவள் படிவங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "வெளியூரில் வேலை பார்த்துவிட்டு மாதம் ஒருமுறை வருகிற மகனைச் சேர்த்திருக்கிறார்களா? பகலெல்லாம் இங்கே இருந்துவிட்டு ராத்திரி மகள் வீட்டுக்குப் போகிற பாட்டியை?"

அவனிடம் பதில் இல்லை. படிவங்களை நிரப்பியவர்களை விசாரித்தால், ஒருவர் அந்த மகனைச் சேர்த்திருந்தார், இன்னொருவர் விட்டிருந்தார். எண் துல்லியமாகத்தான் இருந்தது, எதை எண்ணினோம் என்பதுதான் தெளிவாக இல்லை. "அப்படியானால் இதெல்லாம் வீண்" என்று அவள் முழுவதையும் தூக்கிப் போடத் தயாரானாள். இப்போது அவன் முறை. வீடுகளில் ஒரு சிறு பகுதியைக் குலுக்கல் முறையில் எடுத்து, இரண்டு வரையறைப்படியும் மறுபடி எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு என்று மதிப்பிட முடியும், அதை வைத்து மற்றவற்றைத் திருத்தலாம் என்றான். இரண்டு வாரத்தில் செய்தும் காட்டினார்கள்.

துறை கடந்து யோசிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். ஒரே கேள்வியை இரண்டு துறைகளின் கருவிகள் இரண்டு பக்கமிருந்து பிடித்து இழுக்கின்றன, ஒன்றின் குருட்டுப் புள்ளி மற்றதற்குத் தெரிகிறது. அவள் சமூகவியலை ஒழுங்காகப் படித்திருக்காவிட்டால் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியிருக்காது. அவன் மாதிரியெடுப்பைச் சரியாகக் கற்றிருக்காவிட்டால் அந்தத் தீர்வு வந்திருக்காது. ஒரே செமஸ்டரில் இசை வரலாறு, வானியல், மேலாண்மை என்று மூன்று அறிமுக வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்தால் பாடங்கள் பல ஆகும், ஆனால் அவை ஒன்றையொன்று தொடவே தொடாமல் போகலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

ஆழமும் சந்திப்பும். இவை இரண்டு அளவுகோல்கள். ஆனால் ஒன்றை விட்டு ஒன்றைப் பேச முடியாது. ஆழம் என்றால், உங்கள் பாடத்தில் ஒரு விடை தவறு என்று நீங்களாகவே கண்டுபிடிக்கும் அளவுக்காவது போக முடிகிறதா என்று அர்த்தம். சந்திப்பு என்றால், நீங்கள் படிக்கும் இரண்டு பாடங்களும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று அர்த்தம்.

இரண்டும் ஏன் வேண்டும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டைனோசர்களின் முடிவு. வால்டர் ஆல்வாரெஸ் ஒரு புவியியலாளர். இத்தாலியில் கூபியோ என்ற ஊருக்கு அருகே, சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு களிமண் படலத்தைப் பார்த்தார். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு பல உயிரினங்கள் அழிந்த காலத்தின் கோடு அது. இந்தப் படலம் படிய எவ்வளவு காலம் பிடித்திருக்கும் என்பது அவருடைய கேள்வி, அசலான புவியியல் கேள்வி. அதை அப்பாவிடம் கேட்டார். அப்பா லூயிஸ் ஆல்வாரெஸ், 1968-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருக்குத் தோன்றிய யோசனை இது: இரிடியம் என்ற உலோகம் பூமியின் மேலோட்டில் மிக அரிது, விண்கற்களில் அதிகம். விண்தூசி சீராகப் பூமியில் விழுந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், படலத்தில் உள்ள இரிடியத்தின் அளவே ஒரு கடிகாரம். அளந்து கொடுத்தவர்கள் பிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் என்ற இரு அணு வேதியியலாளர்கள். கடிகாரமாக நினைத்தது வெடிகுண்டாக மாறியது. இத்தாலியில் வழக்கத்தைவிடச் சுமார் 30 மடங்கு, அதே காலத்துப் படலங்களில் டென்மார்க்கில் 160 மடங்கு, நியூசிலாந்தில் 20 மடங்கு இரிடியம் இருந்தது. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு விண்கல் மோதியிருக்க வேண்டும் என்று 1980-இல் நால்வரும் எழுதினார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் துறை கடந்த சிந்தனைக்கு ஒரு வெற்றிக் கதை, அவ்வளவுதான். ஆனால் மோதிய பள்ளம் எங்கே? மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் எண்ணெய் தேடிய புவி இயற்பியலாளர்கள் அதை முன்பே பார்த்திருந்தார்கள். 1981-இல் தங்கள் துறை மாநாட்டில் சொல்லவும் செய்தார்கள். விண்கல் மோதலைப் பற்றிக் கவலைப்பட்டவர்களின் காதுக்கு அது எட்டவில்லை. சிக்சுலூப் பள்ளம்தான் அது என்ற கட்டுரை வெளிவந்தது 1991-இல். இரண்டு தரப்பிலும் ஆழத்துக்குக் குறைவில்லை, அவர்கள் சந்திக்க ஓர் இடம்தான் இல்லை. பத்து வருடம் போயிற்று.

சந்திப்பு தானாக நடக்காது என்பதற்கு இன்னொரு காரணம் சொற்கள். வரலாறு படிப்பவருக்கு மூலம் என்றால் சான்றாவணம், கணிதம் படிப்பவருக்குச் சமன்பாட்டின் விடை. மாதிரி என்றால் என் வகுப்பில் மொத்தத்திலிருந்து எடுத்த ஒரு பகுதி, இயற்பியல் வகுப்பில் உலகத்தை எளிமையாக்கிக் காட்டும் ஒரு வடிவம். எதை நிரூபணமாக ஏற்பது என்பதும் மாறும். கணிதத்தில் ஒரே ஓர் எதிர் உதாரணம் ஒரு கூற்றைக் கவிழ்த்துவிடும். சமூகவியலில் ஒரு விதிவிலக்கு எதையும் கவிழ்க்காது, ஆனால் அது ஏன் விதிவிலக்கு என்ற கேள்வியிலிருந்து புதிய ஆய்வே தொடங்கலாம். இந்த வித்தியாசங்களை யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

அடுத்த கதவுகள். முதுநிலைப் படிப்புக்கும் உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கும் முன்தேவைப் பாடங்கள் உண்டு. பட்டத்தின் பெயரைவிட, எந்தெந்தப் பாடங்களை எந்த நிலை வரை படித்தீர்கள் என்பதைத்தான் பல இடங்களில் பார்ப்பார்கள்.

மனம் மாறினால். பதினேழு, பதினெட்டு வயதில் எடுக்கும் முடிவு இது. இங்கிலாந்தில் வழக்கமான இளநிலைப் பட்டம் மூன்று வருடம், முதல் நாளிலிருந்தே ஒரே பாடம். ஸ்காட்லாந்தில் நான்கு வருடம், முதல் இரண்டு வருடங்கள் அகலமாக, பிறகுதான் ஆழமாக. ஓஃபர் மலமுட் என்ற பொருளாதார அறிஞர் இரண்டு இடத்துப் பட்டதாரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சீக்கிரமே ஒரு பாடத்துக்குள் போன இங்கிலாந்துப் பட்டதாரிகள், படித்ததற்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு மாறுவது அதிகமாக இருந்தது. முதலில் கொஞ்சம் சுற்றிப் பார்க்கக் கொடுத்த காலம் வீணாகவில்லை என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. தனக்கு எது ஒத்து வரும் என்று தெரிந்துகொள்வதும் கல்விதான்.

சுமை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை தேர்வு, எவ்வளவு தூக்கம். இதை யாரும் கேட்பதே இல்லை, ஆனால் இரண்டாம் வருடத்தில் பிள்ளைகளைச் சாய்ப்பது பெரும்பாலும் இதுதான்.

## வழி 1: ஒரே பாடம், கடைசி வரை

இதன் பலம் நன்றாகத் தெரிந்ததுதான். மூன்றாம் வருடத்தில் நீங்கள் எட்டும் உயரம் வேறு வழிகளில் சாமானியமாகக் கிடைக்காது. கணிதம், இயற்பியல் போன்றவை படிக்கட்டுப் பாடங்கள். ஒரு படியை விட்டால் அடுத்த படி ஏற முடியாது. முதல் வருடம் கால்குலஸ், அப்புறம் நேரியல் இயற்கணிதம், அதற்கப்புறம்தான் குவாண்டம் இயக்கவியல். இவற்றைப் பிற்காலத்தில் தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்வது மிகவும் கடினம். வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வு, கூடப் படிக்கும் நண்பர்கள் என்ற கட்டு இருக்கும்போதே ஏறிவிடுவது நல்லது.

மறைமுகச் செலவு என்ன? உங்கள் துறையின் அனுமானங்கள் உங்களுக்கு அனுமானங்களாகவே தெரியாமல் போவது. என்னிடம் வந்த பொருளாதார மாணவர்கள் சிலருக்கு, மனிதர்கள் தங்கள் லாபத்தைக் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள் என்பது ஒரு கருதுகோள் என்பதே மறந்துபோயிருந்தது. உளவியலாளரான டேனியல் கானமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் கிடைத்ததற்குக் காரணமே, அந்தக் கருதுகோள் எங்கெங்கே தவறுகிறது என்று அவரும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் சோதனை செய்து காட்டியதுதான். பொருளாதாரத்துக்குள்ளேயே இருந்திருந்தால் அந்தச் சோதனைகளைச் செய்யத் தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

எந்தப் பாடம் வேண்டும் என்பதில் உங்களுக்கு ஏற்கனவே உறுதி இருந்தால், அல்லது மருத்துவம், சட்டம், கணக்குத் தணிக்கை மாதிரி பாடத்திட்டத்தை வெளியே ஒரு குழு நிர்ணயிக்கும் தொழிலுக்குப் போவதாக இருந்தால், இதுவே சரியான வழி. அப்போதும் உங்களுக்குக் கிடைக்கும் ஒன்றிரண்டு விருப்பப் பாடங்களைச் சுலபமாக மதிப்பெண் கிடைக்கும் இடத்தில் செலவழித்துவிடாதீர்கள். உங்கள் துறைக்கு நேர் எதிராக யோசிக்கும் ஒரு துறையில் போய் உட்காருங்கள்.

## வழி 2: முதன்மைப் பாடமும் துணைப் பாடமும்

மேஜர், மைனர் என்று நாம் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக விலக்கி, மாணவர்கள் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார். சுதந்திரம் வந்தது. கூடவே தொடர்பில்லாத அறிமுக வகுப்புகளாகப் பொறுக்கிச் சேர்த்துப் பட்டம் வாங்கும் வழக்கமும் வந்தது. அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல் ஒரு விதி கொண்டுவந்தார்: இத்தனை பாடங்கள் ஒரே துறையில் இருக்க வேண்டும், மீதி பல துறைகளில் பரவியிருக்க வேண்டும். குவிப்பும் பரவலும். இன்று உலகத்தில் பல பல்கலைக்கழகங்களின் கிரெடிட் கணக்கில் இந்த எண்ணத்தின் சாயல் இருக்கிறது.

எனக்கு இந்த வழி பிடிக்கும். ஆனால் துணைப் பாடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கம்ப்யூட்டர் படித்துக்கொண்டு மொழியியலைத் துணைப் பாடமாக எடுத்த ஒரு மாணவியின் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தமிழ் உரையில் சொற்களை எண்ணும் ஒரு நிரல் எழுதியிருந்தாள். இடைவெளி வரும் இடத்தில் வெட்டிவிட்டால் ஒரு சொல் என்பது அவள் முதலில் வைத்திருந்த விதி. "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று ஒன்று வந்தது. நிரலுக்கு அது ஒரே சொல், அதுவும் வேறெங்குமே வராத சொல். மொழியியல் வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. காகிதத்தில் பிரித்து எழுதினாள்: வந்து, கொண்டு, இருந்த, அவர்கள், உக்கு, எல்லாம். வினை, துணைவினை, காலம், பன்மை, வேற்றுமை உருபு எல்லாம் ஒரே மூச்சில் உட்கார்ந்திருக்கின்றன. இடைவெளியை வைத்து வெட்டுவது எல்லா மொழிக்கும் பொதுவான வழி என்று அதுவரை நினைத்திருந்தாள். அன்று முழுக்க விதிகளை மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். இந்தப் பிரச்சினையை மொழியியல் மட்டும் படித்த ஒருவர் உடனே கண்டுபிடிப்பார், ஆனால் நிரலைத் திருத்த முடியாது. அவளால் இரண்டும் முடிந்தது.

இப்படி நடக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். முதலாவது, துணைப் பாடம் உங்கள் முதன்மைப் பாடத்திலிருந்து வேறு முறையில் யோசிப்பதாக இருக்க வேண்டும். இயற்பியலோடு வேதியியல் எடுத்தால் நல்லதுதான், ஆனால் இரண்டும் அளந்து பார்த்து நம்புகிற துறைகள். இயற்பியலோடு தத்துவமோ வரலாறோ எடுத்தால் வேறொரு தசை வேலை செய்யும். இரண்டாவது, துணைப் பாடத்தில் அறிமுக வகுப்புகளோடு நின்றுவிடக் கூடாது. இரண்டாம் நிலை வகுப்பு ஒன்றாவது வேண்டும், ஏனென்றால் முதல் வகுப்பில் ஒரு துறை தன் விடைகளைத்தான் காட்டும். அதன் சண்டைகள் இரண்டாவது வகுப்பில்தான் தெரியும்.

மறைமுகச் செலவும் இங்கேதான் இருக்கிறது. பல இடங்களில் துணைப் பாடம் என்பது ஐந்தாறு அறிமுக வகுப்புகளின் மூட்டை. இரண்டு துறைகளின் கால அட்டவணை மோதும். கட்டாய வகுப்பு ஒன்று அங்கே, அதே நேரத்தில் ஆய்வகம் இங்கே. இரண்டு பாடங்களும் சந்திக்கும் இடத்தை யாரும் உங்களுக்கு அமைத்துத் தர மாட்டார்கள், இறுதியாண்டு ப்ராஜெக்ட் வழியாக நீங்களேதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

## வழி 3: இரட்டை மேஜர்

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இதில் ஓர் ஈர்ப்பு உண்டு, எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லையே என்று. உண்மையில் ஒன்றை விட்டுக்கொடுக்கிறார்கள், அது அவர்களுடைய ஓய்வு நேரம். இரண்டு துறைகளின் கட்டாயப் பாடங்களும் சேர்ந்தால் விருப்பப் பாடத்துக்கு இடமே இருக்காது. அகலத்துக்காக எடுத்த முடிவு, மூச்சு விடாமல் இரண்டு குறுகிய வழிகளில் மாறி மாறி ஓடுவதாக முடிந்துவிடும். நின்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க நேரம் இருக்காது.

கணிதமும் இயற்பியலும், பொருளாதாரமும் புள்ளியியலும் போல அடிப்படைப் பாடங்கள் பொதுவாக இருக்கும் ஜோடிகளில் இது நன்றாக வேலை செய்கிறது. இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரே ப்ராஜெக்டை ஏற்றுக்கொள்ளும் என்றால் தாராளமாக எடுக்கலாம். இரண்டு தனித்தனி ப்ராஜெக்ட் கேட்டால், வேண்டாம் என்பதே என் கருத்து.

## வழி 4: துறைகளை இணைத்தே அமைத்த பட்டம்

1920-இல் ஆக்ஸ்போர்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்து ஒரு பட்டம் தொடங்கினார்கள். நவீன உலகத்தின் பொது வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரு துறை போதாது என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். நூறு வருடம் தாண்டி இன்றும் நடக்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டியது. முதல் வருடம் மூன்றும் கட்டாயம், அதற்குப் பிறகு ஒன்றை விட்டுவிட்டு இரண்டைத் தொடரலாம். அகலத்தை நோக்கி அமைத்த பட்டமே ஆழத்துக்கு வழி விட்டிருக்கிறது. மனம் எப்படி யோசிக்கிறது என்று ஆராயும் அறிதிறன் அறிவியல், சுற்றுச்சூழல் ஆய்வு, உயிரியல் தரவைக் கணினியால் ஆராயும் உயிர் தகவலியல் என்று பிற்பாடு வந்தவையும் இந்த வகைதான்.

இணைப்புப் பட்டம் என்றதும் அரைகுறை என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்றைய தனித் துறைகள் பல, நேற்றைய எல்லைக்கோடுகள். உயிர்வேதியியல் அப்படித்தான் பிறந்தது. என் புள்ளியியலும் அப்படித்தான். வானியலாளர்களின் அளவீட்டுப் பிழை, சூதாட்டக் கணக்கு, அரசாங்கங்களின் மக்கள் கணக்கு எல்லாம் சேர்ந்து வந்த துறை இது. ரொனால்ட் ஃபிஷர் 1919-இல் ரோதாம்ஸ்டெட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே வயலில் இந்த மூலை வளமானது, அந்த மூலை வறண்டது. அப்படியானால் விளைச்சல் கூடியது உரத்தாலா, மண்ணாலா? வயலைப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் வழியை அவர் வகுத்தார். இன்று மருந்துச் சோதனைகளில் யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கிப் போடுவது அந்த வயலிலிருந்து வந்த யோசனை. "அகல உழுவதைவிட ஆழ உழு" என்பார்கள் பெரியவர்கள். அந்த வயலில் ஆழமாகவும் உழுதார்கள், வரப்பைத் தாண்டியும் பார்த்தார்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவுகள் உண்மையானவை. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய துறையைச் சேர்ந்தவர்களாகவே இருப்பார்கள். இணைப்புப் பட்டத்து மாணவர் எல்லோருக்கும் விருந்தாளி, யாருக்கும் வீட்டுப்பிள்ளை இல்லை என்ற நிலைமை வரலாம். பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது என்று தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பட்டத்தின் பெயரை ஒவ்வொரு நேர்காணலிலும் விளக்க வேண்டியிருக்கும். உயிர் தகவலியல் படித்துவிட்டுத் தூய கணினி அறிவியல் முதுநிலைக்குப் போனால், இரண்டு முன்தேவைப் பாடங்கள் குறைகின்றன என்பார்கள். இதில் பாடத்திட்டத்தைப் பார்த்தே நல்லதையும் கெட்டதையும் பிரித்துவிடலாம். இரண்டு துறை ஆசிரியர்கள் ஒரே வகுப்பறையில் சேர்ந்து நடத்தும் பாடம் ஒன்றாவது இருக்கிறதா, இல்லை பல துறைகளின் பட்டியலிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டி ஒட்டியதாக இருந்தால் அந்த ஒட்டும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

சுற்றுச்சூழல், பொதுக் கொள்கை, மனித மூளை போல ஒரு பிரச்சினையின் மேல் உங்களுக்கு ஆசை இருந்து, அதை எந்தத் துறை வழியாக அணுகுவது என்பதில் பிடிவாதம் இல்லையென்றால், இந்த வழி உங்களுக்கானது.

## வழி 5: இப்போது ஒன்று, பிறகு தாண்டுவது

வெங்கி ராமகிருஷ்ணன் இளநிலையில் படித்தது இயற்பியல். 1976-இல் பிஎச்டி வாங்கியதும் இயற்பியலில்தான். அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. டாக்டர் பட்டம் கையில் இருக்க, கலிஃபோர்னியாவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து இரண்டு வருடம் உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் அவருக்கு நோபல் கிடைத்தது வேதியியலில். டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் இயற்பியல் பட்டதாரி. உயிரியலுக்கு வந்தது 1947-இல், முப்பது வயதுக்குப் பிறகு.

இந்த உதாரணங்களை வைத்து "இப்போது ஒன்றைப் படி, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். சொல்லலாம், ஆனால் இரண்டு விஷயங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று, தாண்டுவது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுலபம் இல்லை. இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லி எண்ணலாம். உயிரியல் பட்டதாரி இருபத்தைந்து வயதில் தத்துவார்த்த இயற்பியலுக்குப் போவது வெகு அரிது, காரணம் அந்தப் படிக்கட்டுகள். அதனால் இரண்டில் எது என்ற குழப்பம் இருந்து, இரண்டின் மேலும் ஆசை சமமாக இருந்தால், படிக்கட்டுப் பாடத்தை முதலில் எடுக்கச் சொல்வேன். இதைக் கேட்டுவிட்டு, வரலாறும் இலக்கியமும் எப்போது வேண்டுமானாலும் ஓய்வில் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் ஆவணத்தை யார், யாருக்காக, எதை மறைத்து எழுதினார் என்று படிக்கும் பழக்கமும் ஆசிரியரிடம் திட்டு வாங்கித்தான் வரும்.

இன்னொன்று, காலம். மறுபடி மாணவராவது என்றால் இரண்டு, மூன்று வருட வருமானம் போகும், தம்பி தங்கை வயதுப் பிள்ளைகளோடு முதல் பெஞ்சில் உட்கார வேண்டும். அதைத் தாங்கும் வீட்டு நிலைமையும் மனநிலையும் எல்லோருக்கும் அமையாது. பண நெருக்கடி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த யோசனையைச் சொல்லும் முன் நான் மிகவும் தயங்குவேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | ஆழம் | பாடங்கள் சந்திக்குமா? | அடுத்த கதவுகள் | மனம் மாறினால் | சுமை |
|---|---|---|---|---|---|
| ஒரே பாடம் | மிக அதிகம் | நீங்களாகத் தேடினால்தான் | அதே துறையில் அகலத் திறக்கும் | கடினம் | சீரானது |
| முதன்மை + துணை | போதுமானது | ப்ராஜெக்டில் அமைத்துக்கொள்ளலாம் | பெரும்பாலும் தடையில்லை | ஓரளவு சுலபம் | சமாளிக்கலாம் |
| இரட்டை மேஜர் | இரண்டிலும் நன்று | நேரம் கிடைப்பது அரிது | இரண்டு பக்கமும் திறக்கும் | ஒன்றை விட்டுவிடலாம் | மிக அதிகம் |
| இணைப்புப் பட்டம் | பாடத்திட்டத்தைப் பொறுத்தது | நல்ல இடத்தில் மிக அதிகம் | சிலவற்றில் முன்தேவை குறையும் | சுலபம் | நடுத்தரம் |
| பிறகு தாண்டுவது | மிக அதிகம் | தாமதமாக, ஆனால் உறுதியாக | மறுபடி தட்ட வேண்டும் | அதற்காகவே உள்ள வழி | பிற்காலத்துக்குத் தள்ளிப்போகும் |

எந்த நிபந்தனையும் தெரியாமல் ஒன்றைச் சொல் என்று கேட்டால் இரண்டாவது வழியைச் சொல்வேன். துணைப் பாடத்தில் இரண்டாம் நிலை வகுப்பு ஒன்றும், இரண்டையும் தொடும் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஒன்றும் கிடைக்குமானால் மட்டும். அது கிடைக்காத இடத்தில், வெறும் அறிமுக வகுப்பு மூட்டைக்குப் பதிலாக ஒரே பாடத்தை ஆழமாகப் படித்துவிட்டு வருவது மேல்.

சேரும் முன் அங்கேயே கேட்க வேண்டியவை சில உண்டு. துணைப் பாடத்தின் மேல்நிலை வகுப்புகளில் வெளித்துறை மாணவருக்கு இடம் தருவார்களா, இல்லை மீதி இருந்தால்தானா? இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இரண்டு துறையிலிருந்தும் வழிகாட்டிகள் கையெழுத்துப் போட விதி இடம் தருகிறதா? முதல் வருட முடிவில் பாடம் மாற்றினால் எத்தனை கிரெடிட் கூட வரும்? எல்லாவற்றையும்விட, சென்ற வருடத்து மாணவர்களின் ப்ராஜெக்ட் ஒன்றிரண்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கையேட்டில் எழுதியிருப்பதைவிட அது அதிகம் சொல்லும்.

அந்த மாணவியிடமும் இதைத்தான் சொன்னேன். இரண்டு ப்ராஜெக்ட்களை வாங்கிப் படித்திருக்கிறாள். ஒன்றில் முழுக்க உயிரியல், கடைசி அத்தியாயத்தில் மட்டும் ஒரு மென்பொருளில் போட்ட நான்கு வரைபடங்கள். மற்றதில், மரபணுத் தரவை ஒப்பிடும் நிரல் ஒன்று தவறான உறவைக் காட்டியதும், செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை வைத்து அந்தத் தவறை மாணவர் கண்டுபிடித்ததும் இருபது பக்கத்துக்கு ஓடியதாம். அடுத்த முறை வந்தபோது அவளுடைய கேள்வி மாறியிருந்தது. "உயிரியல் மேஜரில் கணிதம் கட்டாயம் இல்லையாம். ஆனாலும் முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் எடுத்துவிடட்டுமா சார்?"

எடுத்துவிடு என்றேன். அப்பாவும் தலையசைத்தார்.